சத்தார் தேர்ந்தெடுத்த தட்டு

பீங்கான் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் என் தம்பி அப்துல் சத்தார் அதன் பூவை முதலில் பார்க்கமாட்டான். கவிழ்த்து அடியைப் பார்ப்பான். மெருகு ஏறாத அடிவளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுவான். மணல் ஒட்டியிருக்கிறதா, துருப்போலப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று தேடுவான். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்னால் தன் விரல்களின் நிழல் தெரிகிறதா என்று பார்ப்பான். கடைசியாக நகத்தால் ஒரு சுண்டு. தட்டைக் காதருகே வைத்து அந்த ஓசையைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பான். அடியில் இங்கிலீஷில் ஊர் பேர் அச்சடித்திருந்தால், ரொம்பப் பழசில்லை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பீங்கான் பார்க்க அவனைப் போல இன்னொருவர் இல்லை.

பிழைப்புக்குக் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். வீடு காலி செய்பவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை. பழைய வீட்டை இடித்து மாடி கட்டுபவர்கள் பித்தளையையும் தேக்கையும் விலைக்குப் போட்டுவிடுவார்கள். பீங்கானைச் சீண்டமாட்டார்கள். சத்தார் அதைக் கேட்டு வாங்கி, கிழிந்த புடவையில் சுற்றி, முன் சீட்டில் குழந்தையைப் போல உட்கார வைத்துக் கொண்டுவருவான்.

“பாய், எல்லாத்தையும் அலமாரில பூட்டிக்கினு நீங்க எதுல சோறு துன்றீங்க?” என்று காயலான் கடை வேலாயுதம் கேட்பார்.

“வாழ எலைலப்பா. ஒடஞ்சா பரவால்ல” என்பான் தம்பி.

அவனிடம் இருந்ததிலேயே பழையது அந்தப் பூத்தட்டு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்தது. இளஞ்சிவப்புப் பூ, பச்சை இலை, ஓரத்தில் தங்கக் கோடு. நீலப் பீங்கானில் நிறம் மெருகுக்கு அடியில் கிடக்கும், தேய்த்தாலும் போகாது. இதிலோ நிறம் மெருகின் மேல் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இதழ் இதழாக விரலில் தட்டும். “இத்த மட்டும் புளி போட்டுத் தேச்சிடாதீங்க. புளிப்பு பட்டா பூ போயிடும்” என்று என்னிடமும் தன் மனைவி சானியாவிடமும் சொல்லி வைத்தான்.

சானியா குஞ்சம் கட்டுபவள். தறியிலிருந்து வந்த பட்டுப்புடவையின் முந்தானை நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போடும் வேலை. பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும்; ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் வித்தியாசம் இருக்காது. போன வருஷம் மழையில் வந்த ஜுரம் விட்ட பிறகும் அவளுக்கு அசதி விடவில்லை. மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் வழக்கப்படி பீங்கான் எழுதிக் குடிக்கட்டும் என்று முடிவானது. பள்ளிவாசல் அஜ்ரத், குங்குமப்பூச் சாறு தொட்டுப் பீங்கான் தட்டில் ஓதி எழுதித் தருவார். அந்த எழுத்தைத் தண்ணீரில் கரைத்து நோயாளி குடிக்க வேண்டும்.

“சாதா வெள்ளத் தட்டு போதும்பா” என்றார் அஜ்ரத்.

“என் ஊட்டுலருந்து சாதா தட்டா, அஜ்ரத்?” என்றான் தம்பி. பூத்தட்டைத்தான் எடுத்துப் போனான்.

குங்குமப்பூ வாசம் சானியாவுக்குக் குமட்டியது. அதனால் முந்தின நாள் ராத்திரியே தட்டில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து மூடி வைப்பாள். விடிந்ததும் குடிப்பாள். புளிப்பு பட்டால் பூ போய்விடும் என்று தெரிந்தும் சத்தார் தடுக்கவில்லை. அவளைவிடத் தட்டு பெரிதா? தட்டு காய்ந்ததும் மறுபடி எழுதி வாங்கி வருவான். இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. பூ வெளுத்துக்கொண்டே வந்தது. ஓதின தண்ணீர் தட்டில் உள்ள நன்மையையும் சேர்த்து இழுக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

“உங்க பூவெல்லாம் என் வயித்துக்குள்ள போவுது பாருங்க. ஒரு நாளு வாய் வழியா பூக்கப் போவுது” என்றாள் சானியா.

“பூக்கட்டும், பறிச்சிக்கிறேன்” என்றான் அவன்.

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். முகம் வெளிறியது. ஒரு காலையில் முந்தானை நூலைப் பிரிக்க உட்கார்ந்தவளின் வலது கை, மணிக்கட்டோடு தொங்கிப் போனது. அடுத்து இடது கை.

சென்னை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் நாட்டு மருந்து, பாத்திரம் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, தட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதையும் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும் சத்தாரையும் என்னையும் தனியே கூப்பிட்டார்.

“ரத்தத்துல காரீயம் ஏறியிருக்கு. அதான் கை நரம்பைக் கெடுத்திருக்கு. அந்தக் காலத்துல மேல எழுதுற கலர்ல காரீயம் கலந்திருக்காங்க. எலுமிச்சம்பழத்துல அது கரைஞ்சு வந்திருக்கு.”

அந்தத் தட்டைப் பற்றி என் தம்பிக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான். பூ போய்விடும் என்று அறிந்திருந்தான். எங்கே போகும் என்று கேட்டதில்லை.

“கை திரும்புமா சார்?” என்று நான் கேட்டேன்.

“மருந்து குடுக்கறோம். ஆனா நாள் ஆயிடுச்சும்மா.” சத்தாரைப் பார்த்தார். “அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன் சார்.”

வயிற்றுவலி நின்றது. கைகள் அப்படியே இருக்கின்றன. சத்தார் அவளுக்குத் தலை வாரி விடுகிறான், சோறு ஊட்டுகிறான். இன்னும் சொல்லவில்லை. வேலாயுதம் ஒரு பழைய கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தானே தவிர வாங்கவில்லை. “எனக்குப் பாக்கத் தெரியாதுப்பா” என்றான். வேலாயுதம் கிண்டல் செய்யாமல் திரும்பிப் போனார்.

“எப்பதான் சொல்லப் போறே?” என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

“சொன்னா என் கையால தண்ணி குடிப்பாளா, ஆபா?”



போன வாரம் சானியாவே ஆரம்பித்தாள். “மாத்திரையால ஒண்ணும் ஆவலீங்க. அந்தப் பூத்தட்டுலயே இன்னொரு தபா எழுதி வாங்கினு வாங்க. அத்த நிறுத்தினதுலருந்துதான் கை இப்டியே கெடக்குது.”

சத்தார் என்னைப் பார்த்தான். பிறகு வெளியே போய், கடையில் அதே அளவில் புது வெள்ளைத் தட்டு ஒன்று வாங்கி, அஜ்ரத்திடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். சானியா குனிந்து தட்டைப் பார்த்தாள்.

“பூ எங்கங்க?”

“போயிடுச்சி.”

“மொத்தமுமா?”

“மொத்தமும்.”

அவள் முகம் தெளிந்தது. “அப்ப குடிச்சது எதுவும் வீணாப் போவல. எல்லாம் எனக்குள்ளதான் இருக்குது.”

எழுத்தைக் கரைத்து டம்ளரில் ஊற்றினான். அவளால் டம்ளரைப் பிடிக்க முடியாது. ஒரு கையால் அவள் தலையைத் தாங்கி, கடைசிச் சொட்டு வரை அவனே புகட்டினான்.