சந்தனம் துடைக்காத கத்தி

என் மனைவியின் தம்பி வேலுவின் வலது கண்ணைப் பறித்தவன் நான்தான். அவனே தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லோரையும் நம்பவைத்திருக்கிறேன். மற்றவர்கள் நம்பியது இருக்கட்டும்... அவனும் நம்புகிறான்! உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

கிள்ளானில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கதவும் ஜன்னலும் செய்து பிழைப்பவன் நான். பக்கத்து ஊரான மேருவில் ஒரு சீனர் தன் நாற்காலிப் பட்டறையை மூடியபோது, அவருடைய பழைய இழைப்பு மெஷினை வாங்கினேன். முன்னும் பின்னும் நீளமான இரும்புத் தளம், நடுவே சுழலும் உருளை, உருளையில் கத்திகள். மேலே பலகையைத் தள்ளினால் கோணல் விளிம்பும் நூல் பிடித்தாற்போல் நேராகிவிடும். நான் வாங்கியபோது அதைப் பார்த்திருந்தால் காயலான் கடைக்குக்கூட ஆகாது என்றிருப்பீர்கள்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்தேன். பேரிங் மாற்றினேன், புது மோட்டார் பூட்டினேன். இரண்டு கத்தி வைத்த பழைய சதுர உருளையை எறிந்துவிட்டு, மூன்று கத்தி பிடிக்கும் வட்ட உருளையைக் கடைசல் பட்டறையில் செய்து வாங்கினேன். கொடுக்கும்போது கடைசல்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: கத்தி உட்காரும் பள்ளத்தில் தூசிகூட இருக்கக் கூடாது, இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை, பார்த்தீர்களா?

அத்தனை ஞாயிறும் கூடமாட நின்றவன் வேலு. பந்திங் பக்கத் தோட்டங்களில் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகள். புது வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தான். அந்த வீட்டின் வாசல் நிலைக்கான பலகைதான் இந்த மெஷினில் முதலில் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை.

ஆயுத பூசை வந்தது. மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தால் போதாதா? போதாது என்றது என் பெருமை! புதிதாகச் சாணை பிடித்த மூன்று கத்திகளையும் கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் கிடத்தி, சந்தனத்தைக் குழைத்து அகலமாகப் பூசி, நடுவே குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் மெஷினை ஓட்ட வேண்டும். கத்திகளைக் கையில் எடுத்தபோது சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. துணி என் தோளிலேயே கிடந்தது. துடைத்திருக்கலாம்... சாமிக்கு வைத்ததை முதல் ஓட்டத்துக்கு முன்பே துடைப்பதா என்று மனம் கூசியது. ஓடினால் தானாக உதிர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்படியே பள்ளத்தில் செருகி இறுக்கினேன்.

வேலு அதன் பிறகுதான் பலகையோடு வந்தான். ஸ்பேனரை அவனிடம் கொடுத்து, எல்லாத் திருகையும் கடைசியாக ஒரு பிடி பிடிக்கச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கப் போனேன். அந்த ஒரு பிடி பின்னால் எனக்கு வசதியாகிவிட்டது.

நான் பலகையைத் தள்ளினேன். அவன் மறுமுனையில் ஏந்திக்கொள்ள நின்றான். பாதிப் பலகை போயிருக்கும். ஒரு கத்தி நழுவி, தளத்தின் விளிம்பில் மோதிச் சிதறியது. ஒரு துண்டு வேலுவின் வலது கண்ணில் பாய்ந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். என் மனைவியும் ஏறிக்கொண்டாள். கொட்டகையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன். பூட்டவா நின்றேன்? உருளையைக் கழற்றினேன். கத்தியை நெருக்கிப் பிடிக்கும் ஆப்பில் சந்தனம் பொடிந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமச் சிவப்போடு. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். காலையில் துடைக்கக் கூசிய கை, அப்போது கூசவில்லை!

மருத்துவமனையில் மனைவி, எப்படி நடந்தது என்று கேட்டாள்.

“வேலு சரியா டைட் பண்ணல போலிருக்கு,” என்றேன்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தூங்கவில்லை.

லோரி ஓட்டும் லைசென்ஸ் போயிற்று. புது வீடு கைவிட்டுப் போயிற்று. இப்போது மேருவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிறான். தம்பியை நினைத்து அழும்போதெல்லாம் என் மனைவி அவனுடைய கவனக்குறைவையும் சேர்த்தே திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். எதற்குப் பயந்தேன்? செத்த மெஷினுக்கு உயிர் கொடுத்தவன் என்று நாலு பேர் சொன்ன பெயர் போய்விடும் என்றா? அந்தப் பெயருக்கு ஒரு கண் விலையா?

மெஷின் இன்றும் ஓடுகிறது. வேலு ஆண்டுதோறும் பூசைக்கு வருகிறான். போன முறை எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவன் மட்டும் மெஷின் அருகே நின்றான்.

“மாமா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நான் இன்னும் ஒரு பிடி இறுக்கியிருந்தா, நீங்க கஷ்டப்பட்டு செஞ்ச மெஷின் முதல் நாளே அப்படி ஆயிருக்காது. என் மேல கோவம் இல்லையே?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. என் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

“அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்லா,” என்றேன்.

அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. குனிந்து நெற்றியைக் காட்டினான். நான் சந்தனம் வைத்துவிட்டேன்.

கேட்டீர்களா... நான் அவனை மன்னித்துவிட்டேன்!