புகைபோக்கிச் சூட்டில் உலர்ந்த கரி

என் மனைவிக்கு டில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எனக்கு வங்கியில். அவள் என்ன செய்கிறாள் என்று நாங்கள் குடியிருக்கும் ஜனக்புரியில் யாராவது கேட்டால், "நிலக்கரி சம்பந்தமா ஏதோ" என்று சமாளித்துவிடுவேன். ஒரு ஜனவரியில்தான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம். "ஈர விறகை அடுப்புல வச்சா முதல்ல அதோட தண்ணியத்தானே காய்ச்சும்? இதுவும் அப்படித்தான்" என்றாள். கொதிகலனிலிருந்து புகைபோக்கி வழியாக வீணாய்ப் போகும் சூட்டைத் திருப்பி, எரிப்பதற்கு முன்பே கரியை உலர்த்திவிட்டால், குறைந்த கரியில் அதே மின்சாரம் கிடைக்கும். அவள் பல மாதங்களாக அதற்குத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் முயற்சி சொதப்பிவிட்டது. சூடு கூடிப்போய், உலர்த்திக் குவித்த கரி மறுநாள் காலை தானாகவே புகைந்தது. மேலதிகாரி இன்னும் ஒரே ஒரு மாதம் தந்தார். மூன்றாம் நாள், சூட்டைக் குறைத்து நிதானமாக உலர்த்தி, ஆறவைத்த பிறகே குவிக்கப்போவதாகச் சொன்னாள். ஆனால் உதவியாளர் ஊருக்குப் போயிருந்தார். நான் வரட்டுமா என்று கேட்டேன். வேறு வழியில்லாமல் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டின் அளவைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. குளிர் எலும்பைத் துளைத்தது. அங்கிருந்த சிறிய கொதிகலனின் ஆபரேட்டர், "ஆயியே பாய் சாப், சாய்" என்று கூப்பிட்டார். வெயிலில் நின்று டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு அளவுகள் விட்டுப்போயிருந்தன. முன்னும் பின்னும் பார்த்து நானே நிரப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவள் தாளை வாங்கி, விரலால் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இந்த ரெண்டு மட்டும் படிக்கட்டு மாதிரி சமமா ஏறியிருக்கு. பாத்து எழுதினீங்களா, யோசிச்சு எழுதினீங்களா?"

உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அன்றைய தாள் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, "அடுத்த ஞாயிறு ஃப்ளாஸ்க்ல டீ எடுத்துட்டு வரலாம்" என்றாள். பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு நாற்காலியை விட்டு நகரவில்லை. அளவுகள் கோணல்மாணலாக ஏறி இறங்கின. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். உலர்ந்த கரி ஒரு வாரம் குவியலாகக் கிடந்தும் சூடேறவில்லை. எரித்துப் பார்த்தபோது தணல் சீராக நின்றதாம். அனல்மின் நிலையம் ஒன்றில் சிறிய அளவில் செய்துபார்க்க அனுமதி வந்தது.

அறிக்கையில் முதல் ஞாயிற்றின் அளவுகள் ஏன் இல்லை என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். அன்று அளவெடுத்ததில் பிழை, அதனால் விட்டுவிட்டோம் என்று பதில் சொன்னாளாம்.

"நான்தான்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"யாருன்னு அவர் கேக்கலை" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள்.