மழையில் மிஞ்சிய இட்லி

பாவு நீட்டும் நாளுக்கு முந்தைய மாலையில் ஆரணியின் எங்கள் தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். என் அம்மா வானத்தையும் ஊறவைத்த உளுந்தையும் மாறி மாறிப் பார்ப்பார். சேலையின் நெடுக்கே ஓடும் பட்டிழைகள்தாம் பாவு. அதைத் தெருவோடு இழுத்துக் கட்டிக் கஞ்சி கொடுத்துக் காயவைக்க வெயிலும் வேண்டும், அக்கம்பக்கத்தாரின் கைகளும் வேண்டும். அந்தக் கைகளுக்குக் கூலி கிடையாது. பாவு யாருடையதோ அவர் வீட்டில் காலைச் சாப்பாடு உண்டு. ஆகவே அம்மா மாவு அரைத்தார் என்றால், மறுநாள் மழை வராது என்று நம்பினார் என்று பொருள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்த ஆண்டின் ஐப்பசியில் அந்த நம்பிக்கை பொய்த்தது. இட்லி வெந்து கூடை நிறைந்த நேரத்தில் தூறல் விழுந்தது. பிரிக்கத் தொடங்கிய பாவை எல்லோரும் அவசரமாகச் சுருட்டி உள்ளே கொண்டுவந்தார்கள்.

"சாப்ட்டுட்டு போங்க" என்று அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வேலையே நடக்கல, இன்னா சாப்பாடு?" என்று சிரித்தபடி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

காலையிலும் மதியத்திலும் நாங்கள் இட்லியே தின்றோம். சாயங்காலமும் கூடை காலியாகவில்லை. "இன்னும் ரெண்டு வேளை இதையே போட்ட, தறியில நானே இட்லி மாரி உக்காந்திருப்பேன்" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. அவர் எதிர்வீட்டின் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அங்கிருந்து புகை எழவில்லை. அந்த வீட்டு அத்தையின் கணவர் வேலை தேடிப் பெங்களூர் போயிருந்தார். தறிக்குழியில் நீர் ஊறியதால் அத்தைக்கும் நெசவு நின்றிருந்தது. வீட்டில் அவரும் சின்ன மகளும்தான். சில நாட்களுக்கு முன் தெருவில் ஒருவர் இரக்கப்பட்டு அரிசி கொடுத்தனுப்பினார். அத்தை வாங்கிக்கொண்டார், பாத்திரத்தை முருங்கைக் கீரையால் நிரப்பித் திருப்பியும் அனுப்பினார். ஆனால் அதன்பின் குழாயடிக்கு எல்லோரும் வரும் நேரத்தில் அவர் வருவதில்லை. இப்போது இட்லியைக் கொடுத்தனுப்பினால் எங்கள் வாசலுக்கும் வராமல் போய்விடுவார் என்பதே அம்மாவின் அச்சம். கொடுக்காவிட்டால் அந்தக் குழந்தை பட்டினி.

அம்மா சுண்டவைத்த சாம்பார்ச் சட்டியை இறக்கி, தறிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கூடையைப் போட்டு மூடினார்.

"ஜல்தியா போயி அத்தைய கேளு. இட்லி இருக்குது, தொட்டுக்க ஒண்ணும் இல்ல, ஊறுகா இருந்தா எடுத்துகினு வரச் சொல்லு."

நான் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிச் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொட்டுக்க இல்லியா? தெரு பூரா உங்க வூட்டு சாம்பாரு மணக்குது."

உள்ளேயிருந்து அவர் மகள், "எம்மா, இட்லியாம்மா?" என்று கேட்டாள். அத்தை உள்ளே திரும்பினார். பிறகு நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை முந்தானையில் பொத்தி, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தார்.

எங்கள் வீட்டில் நுழைந்ததும் ஜாடியை அம்மா கையில் கொடுத்தார். "இந்தாங்கண்ணி, ஊறுகா. சாம்பார எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

"எந்த சாம்பாரு?"

"தறிக்குப் பின்னால" என்றார் அப்பா. பொய்க்குத் துணைபோகும் திறமை அவருக்கு இருந்ததில்லை.

அம்மா அவரை முறைத்தார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பின்னர் அம்மாவுக்கும். தட்டு வைத்த பிறகும் அத்தை சாப்பிடத் தொடங்கவில்லை. மகளுக்கு ஊட்டிவிட்டுத் தன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். "மழை விட்டதும் பாவு நீட்டுவீங்க இல்ல? மொத ஆளா நான் வந்து புடிக்கிறேன். அந்தச் சாப்பாட்ட இப்பவே சாப்ட்டேன்னு வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டே முதல் இட்லியைப் பிட்டார். அம்மா மறுப்புச் சொல்லாமல் சாம்பார் ஊற்றினார். வெளியே ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம். காலை இட்லி ஆவியில் மறுபடி மெத்தென்று ஆகியிருந்தது. அன்று ஊறுகாயும் தீர்ந்தது, சாம்பாரும் தீர்ந்தது.

பட்டம் பெற்றபின் உதவிப் பொருள் வழங்கும் குழுக்களோடு சில ஆண்டுகள் அலைந்தேன். பொருள் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கவனமாகச் சரிபார்ப்போம். வாங்கியவர் மறுநாள் குழாயடிக்கு வந்தாரா என்பது எங்கள் கேள்விகளில் இருந்ததில்லை. நான் அதைக் கேட்டபோது, அதற்கும் நம் வேலைக்கும் என்ன தொடர்பு என்றார்கள். தொடர்பு உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஐப்பசியில் வெயில் திரும்பிய காலையில் யாரும் கூப்பிடும் முன்பே அத்தை தெருவில் நின்றிருந்தார். பாவின் ஒரு முனையை அவர்தான் பிடித்தார். வேலை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது அவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"எங்க போற?" என்றார் அம்மா.

"நான்தான் அன்னைக்கே சாப்ட்டுட்டேனே, அண்ணி."

"அது மழைக்கு. இது வெயிலுக்கு. உக்காரு."

அத்தை அசையாமல் நின்றார். அவர் மகள் ஏற்கெனவே வரிசையில் உட்கார்ந்து, தன் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு தட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அதைப் பார்த்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.