இல்லை என்று மொழிபெயர்த்தேன்

பத்திரிகை வேலையை விட்ட பிறகு மொழிபெயர்ப்பாளனாகத்தான் பிழைக்கிறேன். தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றி ஆராய வருகிறவர்களில் பலருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. அதனால் எனக்கு வேலை இருக்கிறது.

அந்தக் கூட்டம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றொரு விதி அப்போது இருந்தது. அதை வைத்திருப்பதா, தளர்த்துவதா என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய்க் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டியிருந்த குழு, அனுப்புவதற்கு முன் மக்களின் கருத்தையும் கேட்க வந்திருந்தது. தலைமை ஆய்வாளர் ஐம்பது வயதை ஒட்டிய சிங்களப் பெண்மணி. பொறுமையானவர். யார் பேசினாலும் குறித்துக்கொண்டார்.

திரையில் முடிவுகளைக் காட்டினார்கள். தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது குறைகிறது, தகப்பன் குடிக்கிறான், பிள்ளையின் எடை கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். என் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்தத் தொழிலில் அதை நல்ல குணம் என்பார்கள்.

கருத்துச் சொல்லும் நேரம் வந்தபோது பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தார். எனக்கு அவரைத் தெரியும். எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தில் வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர். கொழுந்து பறிக்கிறார். குவைத்தில் ஒரு வீட்டில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. மகளுக்கு மூன்று வயது என்பதால் வெளிநாடு போவதற்கான படிவத்தில் பிரதேச செயலக அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. அந்த அதிகாரியும் முன் வரிசையில் இருந்தார். அக்காவுக்கு அன்று வேண்டியது அந்த ஒரு கையெழுத்துதான்.

"நான் போனா எம் புருசன் குடிப்பாருங்கிறீங்க மெடம். நான் இங்கதான் இருக்கேன், நேத்தும் குடிச்சிட்டுத்தான் வந்தாரு" என்றார். மண்டபம் சிரித்தது. நான் மொழிபெயர்த்ததும் முன் வரிசையும் சிரித்தது.

பிறகு அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தா நிக்கிறாரே இந்தத் தம்பி, இவரோட அம்மாவும் குவைத்துலதான் இருந்தாங்க. போறப்ப இவருக்கும் மூணு வயசுதான். கெட்டா போயிட்டாரு? அவரையே கேளுங்க."

நான் சிங்களத்தில் சொன்னது இது: தாய் வெளிநாட்டில் இருந்தபோதும் நல்லபடியாக வளர்ந்தவர்கள் தங்கள் பகுதியில் உண்டு என்கிறார்.

பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளனும் 'நான்' என்று சொல்ல வேண்டும். 'இந்தத் தம்பி' என்றால் என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் நான் அந்த வார்த்தையை விட்டது அதனால் அல்ல. பள்ளிக்கூடத்தில் என் அம்மா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார் என்று சொல்லி வந்தேன். குவைத்துக்குப் போன பெண்களைப் பற்றிப் பையன்கள் பேசிய பேச்சு அப்படி. பத்திரிகையில் இருந்த ஆண்டுகளில் தோட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினேன், இதை எழுதவில்லை. திரையில் இருந்த பிள்ளைகளோடு என்னையும் சேர்த்து அந்த முன் வரிசை பார்ப்பதை நான் விரும்பவில்லை.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். குறிப்பாக யாராவது ஒருவரைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான்தான் அக்காவிடம் தமிழில் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் இல்லன்னு சொல்லிடுங்க தம்பி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

யாரும் இல்லை என்கிறார் என்று சொன்னேன். ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் அக்கா பிளேன்டீக் கோப்பையுடன் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகத் தெரியவில்லை.

"சிங்களம் தெரியாம டவுன் கடையில சாமான் வாங்க முடியுமா தம்பி?" என்றார். பிறகு, "அம்மா சொகமா இருக்காங்களா? கேட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அக்காவை எங்கே பார்த்தாய், என்ன பேசினாள் என்று அம்மா கேட்பார்.

விதி அப்படியே தொடர்ந்தது. சில மாதங்களில் அக்கா ஓர் ஏஜென்டைப் பிடித்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளை இல்லாதவர் என்று காகிதத்தில் போனாராம். மகளைத் தங்கையின் பிள்ளையாகக் காட்டியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அதே குழு அதே மண்டபத்துக்கு வந்தது. சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிநாடு போகும் தாய்மார் இந்தப் பகுதியில் குறைந்திருக்கிறார்கள், விதி பலன் தருகிறது என்று ஆய்வாளர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தகவலில் அப்படித்தான் இருந்தது. பிரதேச செயலக அதிகாரியும் தலையசைத்தார்.

நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பின் வரிசையில் அக்காவின் தங்கை உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தச் சிறுமி. பாதியில் பிள்ளை, "சித்தி, வீட்டுக்குப் போவோம்" என்றது. தங்கை சட்டென்று முன் வரிசையைப் பார்த்தாள், பிறகு என்னை. பிள்ளையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

"அம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றது பிள்ளை, இந்த முறை மெதுவாக.

மீதி வாக்கியத்தையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து முடித்தேன்.