கப்பலால் குதிக்காதவர்

"'கப்பலால குதிச்ச கதிர்காமநாதன்' எண்டு தலைப்புப் போடுவம். சனம் வாசிக்கேக்கயே சிரிக்கும்," என்றார் கணேசலிங்கம்.

முப்பத்தோராம் நாளுக்கான நினைவுமலர் அது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் எந்தத் தமிழர் செத்தாலும் மலர் எழுதுவது அவர்தான்.

தக்சாயினி தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. செத்தவர் அவளுடைய அப்பா.

"அப்பா குதிக்கேல்லை, மாமா."

"அட பிள்ளை, எழுபதுகளில கப்பலில வந்து ஜெர்மனியில நிண்டவன் எல்லாரும் வேலையை விட்டுக் குதிச்சு ஓடினவன்தான். கொப்பரே சொல்லிச் சிரிச்சவர்."

சிரித்தவர்தான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். எந்தக் கலியாண வீட்டிலும் யாராவது ஆரம்பிப்பார்கள். "அண்ணை, நீந்தியே கரைக்கு வந்தனீங்கள்?" அவரும், "தண்ணி கொஞ்சம் குளிர்தான்," என்பார்.

நடந்ததைத் தக்சாயினி சொன்னாள். அப்பா காரைநகரில் பிறந்தவர். கொழும்புத் துறைமுகப் பட்டறையில் இரும்பு ராவித் தொழில் பழகி, நீராவிக் கப்பலொன்றில் கடைநிலை எஞ்சினியராக ஏறினார். கொதிகலன் அறை வெக்கையில் முதற்பயணத்திலேயே ஆள் பாதியானார். ஆனால் ஒரு பம்பின் சத்தம் மாறினால் நித்திரையிலும் எழும்பிவிடுவார். அடுத்த கப்பலில் நான்காம் எஞ்சினியர். உலகம் டீசலுக்கு மாறிய பிறகு எவனோ மலிவாய் வாங்கிய கிழட்டு நீராவிக் கப்பல் அது. எழுபத்தெட்டாம் ஆண்டு முடிவில் வட ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் அதைக் கயிறு கட்டி நிறுத்திய கையோடு முதலாளி தலைமறைவானான். கப்டன் தன் பெட்டகத்திலிருந்த எல்லோருடைய சான்றிதழ்களையும் அள்ளிக்கொண்டு இறங்கினான். மற்ற அதிகாரிகளும் போனார்கள். மிஞ்சியது அப்பாவும் ஏழு மாலுமிகளும். மிஞ்சிய இவர்கள்தான் கப்பலை விட்டு ஓடிவிட்டார்கள் என்று கப்பல் கம்பனிகளுக்கு எழுதிக் கொடுத்ததும் அதே கப்டன்தான்.

புதுவருடத்தோடு வட ஜெர்மனியைப் பனி மூடியது.

"பொயிலரை நிப்பாட்டிப்போட்டு இறங்கியிருக்கலாம்தானே?" என்றார் கணேசலிங்கம்.

"ஏலாது." கொதிகலன் பரிசோதிப்பதுதான் தக்சாயினியின் வேலை. "அந்த எண்ணெய் தார் மாதிரி. சூடாக்கினால்தான் ஓடும். சூடாக்கிறதும் அதே பொயிலரின்ர நீராவிதான். ஒருக்கா நெருப்பு நூந்தால் எண்ணெய் இறுகிப்போம், திரும்ப மூட்டேலாது. கரையில போக இடமில்லாமல் ஏழு பேரும் படுத்த அறையளுக்குச் சூடும் அதாலதான். பொயிலரைப் பார்க்கத் தெரிஞ்சது அப்பாக்கு மட்டும்."

துறைமுகக்காரர் மாலுமிகளை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பி முடிய இளவேனில் வந்துவிட்டது. கடைசி ஆளும் போனபின்தான் அவர் நெருப்பை அணைத்தார். வெடிப்பு விழாமல் கொதிகலனை ஆறவிட்டார். பட்டப்பகலில், பையோடு, படியால் இறங்கி வந்தார்.

கையில் சான்றிதழ் இல்லை. பெயர் ஓடிப்போனவன். வேறு கப்பல் கிடைக்கவில்லை. அகதியாகப் பதிந்து வுப்பர்டாலுக்கு வந்து ஒரு சலவைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கேயும் ஒரு நீராவிக் கொதிகலன் இருந்தது. கேட்டுப் பார்த்தார். அவர்களும் சான்றிதழ் கேட்டார்கள். பென்சன் எடுக்கும்வரை அந்த அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று படுக்கை விரிப்பு மடித்தார்.

"எனக்கு ஏன் இதெல்லாம் சொல்லேல்லை?" குசினி வாசலில் அம்மா சுந்தரேஸ்வரி நின்றாள். கையில் அகப்பை. "உனக்கு மட்டும் சொன்னவரோ?"

"நான் பொயிலர்ச் சோதினைக்குப் படிக்கேக்க கேட்டனான். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு சொன்னவர்."

"பிறகேன் அந்தப் பகிடிக்குச் சிரிச்சவர்?"

"அதையும் கேட்டனான். 'ஓடினவன் எண்டால் சிரிச்சுப்போட்டு விட்டிடுவினம். நிண்டவன் எண்டால், நிண்டு என்னத்தைக் கண்டனி எண்டு கேட்பினம்' எண்டவர்."

"மனுசன் இப்ப உயிரோட இருக்கவேணும்," என்றாள் அம்மா. "நல்லாக் கேட்டிருப்பன்." பிறகு கணேசலிங்கத்தைப் பார்த்தாள். "தம்பி, அந்தத் தலைப்பை வெட்டுங்கோ."

"வெட்டலாம் அக்கா. ஆனா சனத்துக்குக் குதிச்ச கதைதானே தெரியும். இனிப் போய் நிண்டவர் எண்டு எழுதினால்..." அவர் பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார். "நிண்டு என்னத்தைக் கண்டவர் எண்டு சனம் கேட்கும்."

"ஏழு பேர் விறைச்சுச் சாகேல்லை," என்றாள் தக்சாயினி. "அதை எழுதுங்கோ."

அவர் எழுதத் தொடங்கவில்லை. அவள் பேனாவைப் பறித்து அந்தத் தலைப்பைத் தானே வெட்டினாள். தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.