நல்ல நேரத்தில் எழுதிய பரீட்சை

பரீட்சைக்கு நேரம் குறித்தது என் அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அவளைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். இணையத்தில் நாள் தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தன மணிக்கும்மா போடட்டும்?" என்று நான்தான் கேட்டேன். அம்மா தினசரி காலண்டரில் தாளைப் புரட்டினாள்.

"வியாழக்கெழம வளர்பிறை முகூர்த்தம். பத்தே முக்கால்லேருந்து பதினொன்னே முக்கா வரைக்கும் நல்ல நேரம். அதுலயே ஆரம்பிச்சுடு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மறுபேச்சுப் பேசாமல் பத்தே முக்காலைத்தான் அழுத்தினேன்.

எங்கள் ஊர் எறையூர்ப் பக்கம். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நான்கு வருடமாக அரியலூரில் ஒரு லாரி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் கிளவுட் படித்தேன். எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து வேலை வாங்குகிற தொழில் அது. கையில் போன், காதில் ஒயர், தோளில் பக்கத்து சீட்டுக்காரரின் தூங்கும் தலை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தால் எனக்கு ஒரு பாடம் கூடுதலாக முடியும்.

படிப்பதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் என்னைத் தெரிந்திருக்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்களும் வர நினைப்பவர்களும் சேர்ந்த இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு வருடம் வாயே திறக்கவில்லை. பிறகு யாரோ கேட்ட சந்தேகத்துக்குப் பதில் தெரிந்திருந்தது, எழுதினேன். அடுத்த வாரம் இன்னொன்று. போகப் போக ஞாயிற்றுக்கிழமை கூட்டங்களில் புதியவர்களுக்குப் பாடம் சொல்லுமளவுக்கு ஆனேன். முகம் காட்டாமல்தான். என் பின்னால் கொடியில் துணி காய்வதை பெங்களூர்க்காரர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்?

அந்த உழைப்புக்குக் கூலியாக, குழுவில் எனக்குக் கிளவுட் சான்றிதழ்ப் பரீட்சையை இலவசமாக எழுத ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு முறைதான். குழுவை நடத்துகிற பெண்மணி தன் கம்பெனியில் ஒரு இடம் இருப்பதாகவும் சொன்னார். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சர்டிபிகேட்டை அனுப்புங்க, உங்க பேரைச் சொல்றேன்" என்றார். திருச்சியில் இருக்கும் தேர்வு மையத்தில் அந்த வாரம் இடமில்லை. வீட்டிலேயே எழுதலாம் என்றார்கள். விட்டால் லாரி ஆபீஸ்தான் கதி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் எழுதும் பரீட்சைக்குச் சட்டதிட்டம் ஏராளம். கேமராவில் யாரோ ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாய் திறக்கக் கூடாது, திரையை விட்டுக் கண் நகரக் கூடாது. அறைக்குள் வேறு ஆள் வந்தால் பரீட்சை அத்தோடு முடிந்தது. எங்கள் வீட்டில் இணையம் ஒழுங்காக எட்டுவது முன்கூடத்தில் மட்டும். அங்கேதான் மேஜையைப் போட்டோம். நான்கு சுவரையும் படம் பிடித்து அனுப்பினேன். எழுத்து இருக்கிறது என்று காலண்டரைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன்.

அப்பா விடியற்காலையிலேயே டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தார். வரிசையில் நின்று இறக்கிவிட்டு வர சாயங்காலம் ஆகும். அம்மா வாசலுக்குக் காவல். கதவைத் தாழ் போடச் சொன்னதற்கு, "முகூர்த்த நாளும் அதுவுமா பட்டப்பகல்ல வூட்டப் பூட்டிக்கிட்டா நாலு பேரு என்னன்னு நெனப்பாங்க? நான் நிக்கிறேன்ல, ஒரு ஈ உள்ள வராது" என்றாள். சொன்னபடியே பக்கத்து வீட்டுக்காரியையும் சிலிண்டர்காரரையும் சைகையாலேயே திருப்பி அனுப்பினாள். எனக்குப் பாதிக் கேள்விகள் முடிந்திருந்தன. எல்லாம் தெரிந்த கேள்விகள். இரண்டு மூன்று நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தவையே.

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது.

நல்ல நேரம் என்பது எனக்கு மட்டும் வருவதில்லை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பத்திரிகை வைக்கப் புறப்படுகிறவர்களும் அதே காலண்டரைத்தான் பார்க்கிறார்கள். வந்தது ஆண்டிமடத்து அத்தை, அப்பாவின் அக்கா. முந்திரிக்காடு பங்கு பிரித்ததில் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர். ஆறு வருடம் இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு சாவுக்குப் போன இடத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போது மகள் கல்யாணத்துக்கு, வெற்றிலை பாக்கு பூ வைத்த தாம்பாளத்தோடு, மாமாவையும் கூட்டிக்கொண்டு தானே வந்து நிற்கிறார்.

அம்மா என்ன செய்வாள்? ஆறு வருடத்துக்குப் பிறகு தாம்பாளத்தோடு வந்த நாத்தனாரை, "கொஞ்சம் வெளில நில்லுங்க" என்று சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"வாங்கண்ணி... வாங்க..." என்ற அம்மாவின் குரல் எனக்குப் பின்னால் உடைந்தது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை நேராக என்னிடம் வந்தார்.

"என்னா கண்ணு, திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குற? அத்த மேல இன்னும் கோவமா?"

பேசினால் போச்சு. பேசாவிட்டாலும் போச்சு. அத்தையின் விரல் என் நெற்றியில் குங்குமம் வைத்தபோது அந்தக் கையும் கேமராவில் தெரிந்தது. திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தில் வந்தது. அறையில் வேறு ஆள் இருப்பதால் தேர்வு நிறுத்தப்படுகிறது என்று பொருள். கேள்வி மறைந்தது. நான் எழுந்து, அத்தை காலில் விழுந்து கும்பிட்டு, தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "அழுவாத தாயி, அதான் நான் வந்துட்டேன்ல" என்று என்னைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார்.

அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதும் முறையீடு எழுதி அனுப்பினேன். மதியமே பதில் வந்தது. விதி விதிதான், அந்தச் சீட்டு செல்லாது. குழுவில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும், "கதவைப் பூட்டியிருக்கலாமே?" என்று கேட்டிருந்தார். எத்தனையோ பேருக்கு எவ்வளவோ விளக்கிய நான் அந்த ஒரு கேள்வியை மட்டும் தாண்டிப்போனேன். குழுவை நடத்துகிறவர் தனியாக எழுதினார்: "வெள்ளிக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கோபப்படலாம் என்று பார்த்தேன். யார் மேல் படுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மா பத்திரிகையை நீட்டினாள். மேலெல்லாம் கரும்புத் தூசியோடு நின்றபடியே படித்தார். தாய்மாமன் என்று போட்டு அவர் பேர் அச்சாகியிருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அம்மாவிடம் காட்டினார்.

"எங்க அக்கா எம் பேரப் போட்டுருக்கு" என்றார். "இங்க வந்துச்சா? வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்துச்சா?"

"வந்தாங்க" என்றாள் அம்மா.

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒம் பரீச்ச என்னாச்சு பாப்பா?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஃபெயிலுப்பா."

"சரி வுடு" என்றார் அப்பா. "பஸ்ஸுல படிச்சா மனசுல எங்க நிக்கும்? அடுத்த தடவயாச்சும் கொஞ்சம் கருத்தா படி."

"சரிப்பா" என்றேன்.