மழைக்குக் கட்டிப்போட்ட சிவப்புக் கார்

காரை ஓட்டுவதற்குக் கைகால் இருந்தால் போதும். ரங்கூன் மழையில் ஓட்டாமல் வைத்திருப்பதற்குத்தான் ஃபிட்டர் வேண்டும். மோட்டார் கொட்டகையில் முதுகை ஒடித்துக்கொண்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கப்பலடியில்

எங்கள் துரை அரிசி மில் முதலாளி. இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார் வைத்திருந்தார், குங்குமச் சிவப்பு. மழைக்காலம் தொடங்குமுன் சீமைக்கு லீவில் போனவர், ரங்கூன் கியாக்டடா பேட்டைக் கொட்டகையில் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு, கப்பல் ஏணியில் நின்று என்னிடம் சொன்னார்: "முத்தையா, நான் வந்ததும் ஹாண்டிலை ஒரு சுற்று சுற்றுவேன். வண்டி பிடிக்கணும். பிடிக்காட்டி, இதே கப்பல்ல நீ மதராஸ் போ."

மதராஸில் எனக்கு யார் இருக்கிறார்கள், கடன்காரனைத் தவிர? பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

அடுப்படி விருந்தாளி

பெட்ரோலை வடித்தேன். சிலிண்டருக்குள் ஆமணக்கெண்ணெய் விட்டேன். பொறி கொடுக்கும் மாக்னெட்டோவுக்கு ஈரம் ஆகாது. அதைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி, வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். என் சம்சாரம் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, "எனக்கும்தான் இருமல். என்னை ஒருநாள் கம்பளியில சுத்தியிருப்பீங்களா?" என்றாள்.

தனக்கா

தோல் இருக்கையில் பூஞ்சை பூத்தது. துடைத்தால் மறுநாள் இன்னும் செழிப்பாக வரும். காவற்காரர் கோ பாவின் மனைவி மா டின், பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் தனக்கா என்ற வாசனைக் கட்டையை அரைத்துக் கொடுத்தாள். தினமும் பூசினேன். பூஞ்சை போனது, கொட்டகையே கல்யாண வீடாய் மணத்தது. மா டின் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் என்னை இப்படி ஒருநாளும் பார்த்துக்கிட்டதில்லை, மேஸ்திரி."

நாலு தாழி

டயர் தரையில் பட்டால் வீணாகும். மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால் கரையான் தின்னும். அதனால் பானைக்குப் பேர்போன த்வாண்டேயிலிருந்து நாலு பெரிய தாழி வரவழைத்துக் கவிழ்த்து, அவற்றின்மேல் காரை ஏற்றி, தாழியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கோ பா சிரித்தார்.

ஒருநாள் பேய்மழை. இடுப்பளவு தண்ணீரில் கதவைத் திறந்தால், தாழிக்குள் அடைபட்ட காற்று காரைத் தூக்கிவிட்டது. சிவப்புக் கார் தெப்பத்தேர் மாதிரி மெல்லச் சுற்றுகிறது. நானும் கோ பாவும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து, தண்ணீர் வடியும்வரை விடவில்லை. இறங்கியபோது கார் வாசலைப் பார்த்து நின்றது. கோ பா மூச்சு வாங்கினார்: "மேஸ்திரி, இதுக்கு டிரைவர் வேண்டாம், படகோட்டி போதும்."

ஒரு சுற்று

துரை வந்தார். மாக்னெட்டோவை முந்தின நாளே மாட்டி, பெட்ரோலும் ஊற்றியிருந்தேன். ஹாண்டிலை ஒரு சுற்று சுற்றினார். கார் உறுமியது.

அவர் சுவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், இருக்கையை முகர்ந்தார். வெள்ளம் வந்த கதையை ஒன்று விடாமல் சொன்னேன். தோளில் தட்டிக்கொடுத்தார். "உன் வேலை உனக்கே. கப்பல் கதை வேண்டாம். மழையில எந்தப் பொம்பளையை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தினே, அதைச் சொல்லு."

வாழ்நாளில் நான் கலப்படமில்லாமல் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தபிறகு அந்தப் பக்கமே நான் போவதில்லை.